நாலு கிலோ குறைந்த பெண்

இருபத்தொன்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மண்ணாங்கட்டிக்கு ஆளைப் பார்த்ததும் எடை சொல்ல வரும். எந்த சீட்டில் மூன்று பேரை நெருக்கி உட்கார வைக்கலாம், எந்த சீட்டில் இரண்டு பேருக்கே மூச்சு முட்டும் என்று பார்த்துப் பழகிய கண். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணை அன்புச்செல்வியின் துப்பறியும் அலுவலகத்துக்குக் கொடுத்திருந்தார்.

அலுவலகம் விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிர்ச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. வரும் வழக்கில் முக்கால்வாசி கல்யாண விசாரிப்பு. அதனால் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு பெண்ணும் அவளுக்கு மூத்தவன் போல ஒருவனும் படியேறி வந்தபோது, அவர் நோட்டைத் திறந்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். பெண் நாற்பத்தெட்டு கிலோ. ஆண் ஐம்பத்திரண்டு.

"மாப்பிள்ளை எந்த ஊரும்மா?"

"மாப்பிள்ளை இல்லைங்க. டிராக் ரேஸ்."

"சரி. அதுல யாரு மாப்பிள்ளை?"

"அண்ணே, நோட்டை மூடுங்க" என்றாள் அன்புச்செல்வி. அவளுக்கு முப்பத்தைந்து வயசு. தேவைக்கு மேல் பேசமாட்டாள். அந்த மிச்சத்தையும் சேர்த்து மண்ணாங்கட்டி பேசிவிடுவார்.

பெண்ணின் பெயர் கலைப்பிரியா. ஊர் விக்கிரவாண்டி. கூட வந்தவன் அண்ணன் வல்லரசு. நானூறு மீட்டர் நேர்ப்பாதையில் இரண்டு பைக் ஒன்றாகக் கிளம்பி, எது முதலில் போகிறதென்று பார்க்கிற பந்தயம். திண்டிவனத்தைத் தாண்டி ஒரு தனியார் பாதை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஓட்டுவாள்.

"போன வருஷம் வரைக்கும் லைசென்ஸுக்கு ஒரு ஃபோட்டோ, ஒரு கையெழுத்து. அவ்ளோதான்க்கா. இந்த வருஷம் ரூலையே மாத்திட்டாங்க. மெடிக்கல் பாக்கணும். ஆறு வாரம் ஆறு ஓட்டம் ஓட்டிக் காட்டணும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னாடி எடை போடுவாங்க."

"வண்டியையா?" என்றார் மண்ணாங்கட்டி.

"என்னை. ஜாக்கெட், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கினு ஏறணும். அறுபது கிலோவுக்குக் குறைஞ்சா மணல் சேத்துக்கணும். ஆறு எடையும் ரெண்டு கிலோவுக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது."

"ஏன்?"

"ஒருத்தர் லைசென்ஸுக்கு இன்னொருத்தர் ஓட்டிடுறாங்களாம். ஹெல்மெட் போட்டா மூஞ்சி தெரியாது. அதான் எடை." அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அந்தப் பச்சை ஃபைலை எடு."

வல்லரசு மடியிலிருந்த பையில் கைவிட்டு ஒரு சிவப்பு ஃபைலை எடுத்தான். அவள் பையை வாங்கி, பச்சை ஃபைலைத் தானே எடுத்துக்கொண்டாள். உள்ளே சங்கத்தின் நோட்டீஸ் இருந்தது. முதல் மூன்று ஓட்டத்தில் எடை அறுபத்தொன்று. பின் மூன்றில் ஐம்பத்தேழு. பின் மூன்றை ஓட்டியது அவள் அண்ணன் என்று ஆனந்தராஜ் என்பவர் புகார் கொடுத்திருக்கிறார். இன்று மாலை ஐந்து மணிக்குள் சரியான விளக்கம் தராவிட்டால் லைசென்ஸ் கிடையாது. இரண்டு வருஷத் தடை.

"அண்ணன் எடை எவ்ளோ?" என்று அன்புச்செல்வி கேட்டாள்.

"ஜாக்கெட்டோட ஐம்பத்தேழு" என்றாள் கலைப்பிரியா. குரல் இறங்கிவிட்டது. "சங்கத்துல ஏத்திப் பாத்துட்டாங்க."

மண்ணாங்கட்டி வல்லரசுவைப் பார்த்தார். "கொஞ்சம் சாப்பிட்டுட்டாவது போயிருக்கக் கூடாதாப்பா?"

வல்லரசு தரையைப் பார்த்தான்.

"இவருக்கு லைசென்ஸ் இல்லையா?" என்றாள் அன்புச்செல்வி.

"போன வருஷம் இருந்துச்சு. இந்த வருஷம் மெடிக்கல்ல போயிடுச்சு."

"நீங்க ஓட்டும்போது இவரு எங்க இருப்பாரு?"

"வண்டியை இறக்கி வெச்சிட்டு டிபன் சாப்பிடப் போவான். ரெண்டு மணி நேரம் ஆவும்."

"ரெண்டு மணி நேரத்துல ஒரு கல்யாணப் பந்தியையே முடிச்சுடலாம்" என்றார் மண்ணாங்கட்டி.

"ஓட்டினது நான்தான்க்கா. ஆறும் நான்தான். ஒரகடத்துல ஒரு வண்டிக் கம்பெனில டெஸ்ட் ரைடர் வேலை. திங்கக்கிழமை லைசென்ஸ் காப்பியோட வரச் சொல்லியிருக்காங்க. ஆள் மாறாட்டம் பண்ணவன்னு பேர் வந்துச்சுன்னா அந்த வேலை மட்டுமில்ல, எந்த வேலையும் தரமாட்டாங்க."

அன்புச்செல்வி நோட்டீஸை இன்னொரு தடவை படித்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

*

அண்ணனும் தங்கையும் பைக்கில் முன்னால் போனார்கள். மற்ற இருவரும் பஸ்ஸில். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது மண்ணாங்கட்டி வழக்கத்தில் தலைகளை எண்ணினார். ஐம்பத்தெட்டு. யாரும் கேட்கவில்லை.

"மேடம், எனக்கு அந்தப் பையன் மேலதான் சந்தேகம். மூஞ்சி டிக்கெட் வாங்காத மூஞ்சி."

"எடை மூணு வாரமும் ஐம்பத்தேழு" என்றாள் அன்புச்செல்வி. "முதல் மூணு வாரமும் அறுபத்தொண்ணு."

"ஆமா. அதான் மாட்டிக்கினான்."

"உங்களுக்கு மாசா மாசம் எடை பாக்குறாங்களே. ஒரே மாதிரியா இருக்குது?"

சர்க்கரைக்காக மாசம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் அவரை எடை பார்ப்பார்கள். "எழுவத்திரண்டு. இட்லி நாள்ல ஒரு முக்கால் ஏறும். டாக்டரம்மா நாலு கிலோ குறைக்கச் சொல்லிக்கினே இருக்குது."

"உடம்புன்னா அப்படி முன்னப்பின்ன இருக்கும். இது சரியா நாலு, மூணு தடவையும் நாலு. இது உடம்பு செய்யற வேலை மாதிரி இல்லை. யாரோ கழிச்ச மாதிரி இருக்குது."

மண்ணாங்கட்டி யோசித்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பஸ் நகர்ந்தது.

*

சங்கத்தின் அலுவலகம் திண்டிவனத்தில் ஒரு டயர் கடையின் மாடியில். செயலாளர் சீனுவாசன் மேஜையில் புதிய விதிப் புத்தகத்தை வைத்திருந்தார். நாற்பத்தொரு பக்கம். அதற்கு அவரே பிளாஸ்டிக் அட்டை போட்டிருந்தார். கலைப்பிரியாவும் வல்லரசுவும் சுவரோரம் நின்றார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே, நல்ல நாற்காலியில், ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபத்து மூன்று கிலோ என்று மண்ணாங்கட்டி மதிப்புப் போட்டார்.

"இவர்தான் ஆனந்தராஜ்" என்றார் சீனுவாசன். "புகார் கொடுத்தவர். இந்த வருஷம் நம்ம பகுதிக்கு எட்டு லைசென்ஸ்தாங்க. வேகத்தை வெச்சு வரிசை. பாப்பா எட்டாவது. இவர் ஒன்பதாவது."

"பாப்பா போயிட்டா இவர் எட்டு" என்றார் மண்ணாங்கட்டி. "நல்ல மனசு."

"எனக்கு லைசென்ஸ் முக்கியமில்ல சார்" என்றார் ஆனந்தராஜ். "ஒழுங்கு முக்கியம்."

சீனுவாசன் சீட்டுகளைப் பரப்பினார். மேல் வரிசையில் கலைப்பிரியாவின் ஆறு. கீழ் வரிசையில் ஆனந்தராஜின் ஆறு. "வித்தியாசம் தெரியணும்னு எடுத்து வெச்சேன். பாருங்க, இவருக்கு ஆறும் அறுபத்தெட்டு. ஜாக்கெட்டோட அதான் இவர் எடை. இதுக்குப் பேர் ஒழுங்கு. எடை பொய் சொல்லாதுங்க."

"யாரு எடை போட்டது?" என்றாள் அன்புச்செல்வி.

"மல்லாட்டை மண்டில இருக்கிற பூமாலை. தராசும் மண்டியோடதுதான். ஞாயித்துக்கிழமை மண்டி லீவு. தராசோட அவரையும் கூட்டிக்குவோம். தாலுகாவுல அவரை மாதிரி நாணயமான எடைக்காரர் கிடையாது."

"எடையை ஓட்டுறவங்களுக்குக் காட்டுவீங்களா?"

"அவரு எழுதி சீட்டைக் கையில கொடுப்பாரு. வாங்கி டப்பாவுல போட்டுட்டுப் போகணும். ஆறு ஓட்டமும் முடிஞ்சப்புறம் எல்லார் முன்னாடியும் நான் திறப்பேன்."

"நீ சீட்டைப் பார்க்கலையா?" என்று அன்புச்செல்வி கலைப்பிரியாவைக் கேட்டாள்.

"எதுக்குக்கா பாக்கணும்? எட்டு கிலோ மணல். வீட்டுலயே எடை போட்டு எடுத்தாந்தேன். என்கூட சேத்து அறுபத்தொண்ணு. எனக்குத் தெரியுமே."

அன்புச்செல்வி குனிந்து சீட்டுகளைப் பார்த்தாள். கலைப்பிரியாவின் கடைசி மூன்று சீட்டுகளின் மூலையில், பென்சிலில், சின்னதாக இரண்டு கோடுகள் இருந்தன. முதல் மூன்றில் இல்லை.

"இது என்னங்க?"

"பென்சில் கூர் இருக்குதான்னு கிறுக்கிப் பாத்திருப்பாரு."

அவள் மேஜை முழுவதையும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் கலைப்பிரியாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆறு வாரமும் மணலை எதுல எடுத்துக்கினு போன?"

"ஸ்கூல் பேக்ல. நடுவுல பட்டை அறுந்துடுச்சு. அப்புறம் ரெண்டு சின்னச் சாக்குல, பாதி பாதியா."

"நடுவுலன்னா?"

"மூணாவது வாரம் முடிஞ்சதும்."

அந்தச் சாக்குகள் இன்னும் பைக்கில் இருந்தன. அவற்றை மண்ணாங்கட்டியிடம் கொடுக்கச் சொன்னாள் அன்புச்செல்வி. வேறு யாரிடமாவது கொடுப்பார்கள் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

*

மண்டியில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் தூசி வெயிலில் மிதந்தது. 'இங்கு கழிவு பிடிக்கப்படமாட்டாது' என்று ஒரு போர்டு. அதற்குக் கீழே பூமாலை, காதில் பென்சிலோடு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, மூட்டைக்கு எவ்ளோ கழிப்பீங்க?" என்று அன்புச்செல்வி கேட்டாள்.

"கழிவா? அதெல்லாம் இப்பக் கிடையாதும்மா. போர்டைப் பாரு. முந்தி உண்டு. சாக்குக்கு ஒரு கிலோ, மண்ணு தூசிக்கு ஒரு கிலோ. மூட்டைக்கு ரெண்டு. விவசாயிங்க சண்டை போட்டாங்க, ஆறு மாசம் முன்னாடி எடுத்துட்டாங்க. வந்த எடை வந்ததுதான்."

"ரேஸ்ல?"

பூமாலைக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்க இன்னாத்துக்கும்மா கழிக்கிறேன்? மனுஷனை எடை போடுறேன், மல்லாட்டையவா போடுறேன்? இருபத்தெட்டு வருஷமா இந்தக் கை ஒரு எடை தப்பா எழுதினதில்ல."

அவர் பொய் சொல்லவில்லை என்று மண்ணாங்கட்டிக்குத் தோன்றியது. டிக்கெட் வாங்காதவன் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பான். இவர் நேராகப் பார்த்தார். வழக்கு இங்கேயே நின்றுவிட்டது என்று அவர் நினைத்தார். மணி மூன்றரை.

"சரிங்க ஐயா" என்றாள் அன்புச்செல்வி. "வந்ததுக்கு எங்க அண்ணனை ஒரு எடை போட்டுக் குடுங்க."

மண்ணாங்கட்டி தராசில் ஏறினார். பூமாலை பார்த்தார், எழுதினார், சீட்டைக் கிழித்தார். எழுபத்திரண்டு. மூலையில் கோடு இல்லை.

"இப்ப இந்த ரெண்டு சாக்கையும் கையில பிடிச்சுக்கினு ஏறுங்க."

"மேடம், எனக்கு சுகரு."

"ஏறுங்கண்ணே."

ஏறினார். பூமாலை பார்த்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். எழுதினார், கிழித்தார், பென்சில் காதுக்குத் திரும்பியது. எல்லாம் ஒரு மூச்சில் முடிந்தது.

"எவ்ளோன்னு படிங்க ஐயா."

"எழுவத்தாறு" என்றார் பூமாலை.

"தராசைப் படிங்க."

பூமாலை தராசின் முகப்பைப் பார்த்தார். அதில் எண்பது என்று சிவப்பாக எரிந்தது. சீட்டைப் பார்த்தார். எழுபத்தாறு. மூலையில் இரண்டு கோடுகள். அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார், யாரோ வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போல.

"இறங்கி இன்னொரு தடவை ஏறுங்க" என்றார்.

மண்ணாங்கட்டி ஏறினார். முகப்பில் எண்பது. பூமாலை இந்தத் தடவை பென்சிலை மெதுவாகக் கொண்டுபோனார். அது சீட்டின் மூலையில் முதலில் இரண்டு கோடு போட்டது. பிறகு ஏழு என்று ஆரம்பித்தது. அவர் இடது கையால் வலது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மூட்டைக்கு ஒரு கோடு" என்றார். "சாக்கைப் பாத்தா கை தானாப் போடுது. ஆறு மாசமா இங்கயும் இப்படித்தான் எழுதிக்கினு இருக்குறேனா?"

அவர் தலைக்கு மேலே போர்டு இருந்தது.

"வெறும் சாக்கு ரெண்டைத் தோள்ல போட்டுக்கினு ஏறினா எனக்கு அறுவத்தெட்டு வருமில்ல?" என்றார் மண்ணாங்கட்டி. "டாக்டரம்மா கேட்டது சரியா நாலு கிலோ."

அன்புச்செல்வி செல்போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். மேல் வரிசை இல்லை, கீழ் வரிசை. பிறகு போனை உள்ளே வைத்தாள்.

"ஐயா, ரேஸ்ல வேற யாராவது சாக்கோட ஏறினாங்களா?"

"ஒருத்தன். கண்ணாடியை ஏத்தவே மாட்டான், ஹெல்மெட்டுக்குள்ளயே இருப்பான். முத நாளு நாலு தடவை ஏறி இறங்குனான். சீட்டைப் பாக்குறது, மணல் போடுறது, மறுபடி ஏறுறது. பெரிய பேஜாரு. அதும் இல்லாம வலது பாதைன்னா பச்சை டப்பால சீட்டைப் போடணும், இடது பாதைன்னா சிவப்பு. அவன் வலது பாதைக்காரன், மூணு வாரமும் சிவப்புல போட்டான். 'டேய், கண்ணு தெரியலையா'ன்னுகூட கத்துனேன்."

வாசலில் பைக் மேல் சாய்ந்திருந்த கலைப்பிரியா சட்டென்று நிமிர்ந்தாள். பக்கத்தில் வல்லரசு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்போனில் விளக்கு எரியவில்லை.

"ஐயா, சட்டையைப் போட்டுக்கினு எங்ககூட வாங்க" என்றாள் அன்புச்செல்வி.

*

மணி நாலு நாற்பது. பூமாலை சீனுவாசனுக்கு முன்னால் நின்று சொன்னார். பிறகு அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நம்பாததால், சீனுவாசன் தன் டிபன் பையை ஒரு சாக்குக்குள் போட்டு, "இது எவ்ளோ இருக்கும்?" என்று கேட்டார். பூமாலை கையில் தூக்கிப் பார்த்து, "ஒண்ணரை" என்றார். காகிதத்தில் இரண்டு கிலோ கழித்து, அரை கிலோ கடன் என்கிற மாதிரி ஒரு எண்ணை எழுதிவிட்டு, தலையில் கைவைத்தார்.

சீனுவாசன் ஐம்பத்தேழோடு நாலைக் கூட்டினார். மூன்று தடவை கூட்டினார். மூன்று தடவையும் அறுபத்தொன்று.

"பாப்பா, உன் சீட்டு சரி" என்றார். விண்ணப்பத்தில் முத்திரை விழுந்தது. கலைப்பிரியா அந்தச் சத்தத்துக்குக் கண்ணை மூடித் திறந்தாள். லைசென்ஸ் அவள் கைக்கு வந்தது.

ஆனந்தராஜ் எழுந்தார். "உண்மை வெளிய வந்ததுல சந்தோஷம். நான் கிளம்புறேன் சார்."

"ஒரு நிமிஷம்" என்றாள் அன்புச்செல்வி. "உங்க கடைசி மூணு சீட்டுலயும் ரெண்டு கோடு இருக்குது."

ஆனந்தராஜ் பாதி எழுந்தபடி நின்றார்.

"அறுபதுக்குக் குறைஞ்சவங்கதான் மணல் தூக்கணும். நீங்க அறுபத்தெட்டு. உங்களுக்கு எதுக்கு ரெண்டு மூட்டை?"

மின்விசிறி இரண்டு சுற்று சுற்றியது.

"உடற்பயிற்சி" என்றார் ஆனந்தராஜ்.

மண்ணாங்கட்டி தலையாட்டினார். "நல்லது. எனக்கும் சொல்லியிருக்காங்க."

சீனுவாசன் அறுபத்தெட்டோடு நாலைக் கூட்டினார். எழுபத்திரண்டு. இரண்டு கிலோவுக்கு மேல் வித்தியாசம். அவர் பிளாஸ்டிக் அட்டை போட்ட புத்தகத்தைத் திறந்து, பக்கத்தைத் தேடி, விரலை வைத்தார். "பூமாலை, இவரா உங்க தராசுல நாலு தடவை ஏறினது?"

"அது ஒல்லி ஆளுங்க" என்றார் பூமாலை. "இவரு இல்ல."

"அப்ப ஓட்டினது யாரு ஆனந்தராஜ்?"

ஆனந்தராஜின் பார்வை சுவரோரம் போனது. அங்கே வல்லரசு நின்றான். பெயரைச் சொன்னால் ஆள் மாறாட்டத்தைத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் பார்வையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து போய்விட்டார். தான் செய்ததையே எடுத்து அடுத்தவள் பெயரில் புகாராக எழுதியிருக்கிறார், கற்பனை செய்ய வேண்டிய வேலைகூட இல்லாமல், என்று மண்ணாங்கட்டிக்கு அப்போதுதான் விளங்கியது.

"யாரு ஓட்டினதுன்னு கண்டுபிடிச்சுத் தர்றீங்களா மேடம்?" என்றார் சீனுவாசன்.

"எங்களைக் கூப்பிட்டது பாப்பா. பாப்பா வழக்கு முடிஞ்சுதுங்க" என்றாள் அன்புச்செல்வி.

*

கீழே டயர் கடை வாசலில் கலைப்பிரியா பைக்கின் பக்கத்தில் நின்றாள். லைசென்ஸை மடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"அண்ணா, அந்தப் பச்சை ஃபைலைக் கொடு. இதை வெக்கணும்."

வல்லரசு பைக்குள் பார்த்தான். கை இரண்டு ஃபைலுக்கும் நடுவில் நின்றது. இந்தத் தடவை அவன் எதையும் எடுக்கவில்லை.

"மெடிக்கல்ல கலர் தெரியலன்னு தூக்கிட்டாங்க" என்றான். "ஸ்டார்ட்டிங் விளக்கு மேலருந்து கீழ எரிஞ்சுக்கினு வரும். வரிசை எனக்கு மனப்பாடம். கலர் எதுக்கு? இன்னொரு தடவை அந்தப் பாதையில ஓட்டணும்னு இருந்துச்சு. ஆனந்தராஜ் அவரு பேருல ஓட்டச் சொல்லி வண்டி தரேன்னாரு. உன் பேருல புகார் குடுப்பாருன்னு சத்தியமா தெரியாது."

"தெரிஞ்ச அப்புறமும் நாலு நாளா வாயைத் திறக்கலியே."

ஒரு லாரி கடந்து போனதும் அவளே கேட்டாள்.

"எவ்ளோ டைம் எடுத்த?"

"பதினாலு புள்ளி நாலு செகண்டு."

"நான் பதினாலு ரெண்டு."

"தெரியும். நீ எட்டாவது இருந்த. அதான் கடைசியில ஆக்சிலேட்டர்ல இருந்து கையை எடுத்துட்டேன்."

கலைப்பிரியாவின் முகம் மாறியது. காலையில் ஆள் மாறாட்டப் புகாரைச் சொன்னபோதுகூட அந்த முகம் அப்படி மாறவில்லை. "உன்னை யாருடா எடுக்கச் சொன்னது?"

'டா' என்பதை மண்ணாங்கட்டி கவனித்தார். அன்புச்செல்வி எதிர்க் கடையில் அவித்த மல்லாட்டை வாங்கப் போய்விட்டாள்.

"மூணு வாரமும் எடுத்தியா?"

வல்லரசு கழுத்தைச் சொறிந்தான். "முதல் ரெண்டு வாரம்தான்."

"மூணாவது வாரம்?"

"எடுக்கல. ஆசையா இருந்துச்சு. முழுசா திருகினேன்."

"அப்ப எவ்ளோ?"

"அதான் சொன்னேனே." அவன் பக்கத்து டயரைப் பார்த்துச் சொன்னான். "பதினாலு நாலு. முதல் ரெண்டும் அதைவிட மோசம்."

கலைப்பிரியா அவனைப் பார்த்தாள். பிறகு லைசென்ஸைத் தானே பச்சை ஃபைலில் வைத்து, பையை அவன் தோளில் மாட்டினாள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள். உள்ளே சிரித்தாளா என்று சொல்ல முடியாது. ஹெல்மெட் போட்டால் முகம் தெரியாது.

"பின்னாடி உக்காரு" என்றாள். "நான் ஓட்டுறேன்."